கில்ட்டுக்கு ஒரு மழை உறை

என் கணவர் சிவா எங்கள் வீட்டு முன்றலில், கார் நிறுத்தும் ட்றைவ்வேயில் நின்று, பூஞ்செடிக்குத் தண்ணீர் விடும் ஹோஸை என் இடுப்புக்கு நேரே பிடித்துக்கொண்டிருந்தார். நான் இரண்டு கைகளையும் அகல விரித்தபடி அசையாமல் நின்றேன். மேலே இடுப்புவரை ஒரு மழை ஜாக்கெட். கீழே கறுப்பு நிறத்தில், பின்பக்கம் கொசுவம் வைத்து, முழங்காலைத் தாண்டி இறங்கிய ஒரு விசித்திரமான உடுப்பு. அதற்குள்ளே என் கில்ட், ஸ்கொட்லாந்துக்காரர் இடுப்பில் சுற்றும் கம்பளி உடுப்பு.

"திரும்பும்," என்றார்.

திரும்பினேன். பின்பக்கமும் அடித்தார்.

வானத்தில் ஒரு பொட்டு முகில் இல்லை. ரொறன்ரோவின் இந்த மோர்னிங்சைட்டில் இப்படி ஒரு வெயில் வந்தால் தெருவே வெளியில் நிற்கும். பக்கத்து வீட்டுத் தயாளன் காரிலிருந்து மரக்கறிப் பைகளை இறக்கிக்கொண்டிருந்தவர், பையும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன அண்ணை, அக்காவைக் கழுவுறியள்?"

"மழைக்குப் பழக்கிறன்," என்றார் சிவா, முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல்.

தயாளன் மேற்கொண்டு கேட்கவில்லை. நல்ல அயலவர். உள்ளே போய் மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்து, வாசல் படியில் வசதியாக உட்கார்ந்து பார்த்தார்.

ஸ்கொட்டிஷ் பைப் பாண்டில் நான் பேஸ் ட்றம் என்கிற பெரிய மேளம் அடிக்கத் தொடங்கிய கதையை இந்தப் பத்தியில் போன வாரம் எழுதியதும் பக்கத்து நகரமான விட்பியிலிருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார்: "அக்கா, கில்ட்டைப் போட்டுக்கொண்டு மழைக்குள் என்ன செய்வீர்கள்?" தங்கச்சி, உங்களுக்கு அது ஒரு வரிக் கேள்வி. என்னுடைய வாழ்க்கையில் அரை வருடத்தை அது தின்றுவிட்டது.

சேலைக்காரியின் ஊசி

கில்ட்டைப் பார்த்தவர்கள் அதைக் குட்டைப் பாவாடை என்று நினைப்பார்கள். உடுத்தவர்களுக்குத்தான் தெரியும். ஒரு சேலைக்குப் போகிற துணியை விடக் கூடுதலான கம்பளித் துணி அதில் இருக்கிறது. அவ்வளவும் பின்பக்கத்தில் கத்தி போல மடிப்புகளாக அடுக்கித் தைக்கப்பட்டிருக்கும். முன்பக்கம் இரண்டு தட்டையான மடல்கள், ஒன்றின்மேல் ஒன்றாக வரும். மேல் மடலின் கீழ் மூலையில் ஒரு பெரிய ஊசி குத்துவார்கள். அந்த ஊசி அழகுக்கும், காற்றில் மடல் எழும்பாமல் ஒரு பாரத்துக்கும்தான். அதை மேல் மடலில் மட்டும் குத்த வேண்டும்.

இதை எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. சொல்லத் தேவையில்லை என்று நினைத்திருப்பார்கள். சேலை கட்டிப் பழகியவளுக்கு ஊசி என்றால் ஒரே அர்த்தம்தான்: எல்லா மடிப்பையும் சேர்த்துக் குத்து, குத்தியது போதாது என்று தோன்றினால் இன்னொன்றும் குத்து. என் முதலாவது வெளி ஊர்வலத்துக்கு நான் இரண்டு மடலையும் சேர்த்து இறுக்கிக் குத்தினேன். வெளியில் தெரியாமல் உள்ளே வேறு சில சேப்ற்றி பின்கள். கல்யாண வீட்டுக்குப் போகிற மாதிரி ஒரு பத்திரம்.

அது குளிர் தொடங்கும் காலத்தில், கிறிஸ்மஸுக்கு முன் வரும் நத்தார் ஊர்வலம். பனியாக விழ வேண்டியது மழையாக விழுந்தது. கம்பளி தண்ணீரைக் குடித்துக் குடித்துக் கனத்தது. ஊறிய விளிம்பு ஒவ்வோர் அடிக்கும் முழங்காலின் பின்புறத்தை அரம் போல அராவியது. மடல்கள் இரண்டும் விலகி வழிவிட வேண்டும். அதுகளுக்கு வழி இல்லை, நான்தான் பூட்டி வைத்திருக்கிறேனே. ஒரு சிக்னல் விளக்கடியில் "டர்" என்று கேட்டது.

ஒரு கையால் கில்ட்டைப் பொத்திக்கொண்டு, மறு கையால் ட்றம்மைத் தாங்கிக்கொண்டு, வரிசையை விட்டு வெளியேறி ஒரு கோப்பிக் கடைக்குள் ஓடினேன். பேஸ் ட்றம் நின்றால் பாண்டுக்கு நாடி நின்ற மாதிரி. பின்னால் பைப்புகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. கடைக் கண்ணாடிக்குள்ளால் அதைக் கேட்டுக்கொண்டு நின்ற வெட்கத்தை இப்போது நினைத்தாலும் காது சூடாகிறது.

உயரம் போதாது

எங்கள் பாண்டின் தலைவி மோராக், ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. நெடிய பெண். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன். அவர் என் தோளில் கை வைத்து அன்பாகச் சொன்னார்:

"சுகந்தி, இனிமேல் மண்டபத்துக்குள் நடக்கும் நிகழ்ச்சிகளுக்கு மட்டும் நீ வந்தால் என்ன? வெளியில் மற்ற ட்றம்காரன் இயன் அடிக்கட்டும்."

அந்த அன்புதான் என்னைக் கொன்றது.

இங்கே ஒரு பழைய கதை சொல்லியாக வேண்டும். யாழ்ப்பாணத்தில் நான் படித்த பெண்கள் பள்ளியிலும் ஒரு பாண்ட் இருந்தது. விளையாட்டுப் போட்டி அன்று அது முன்னே போகும். அந்தப் பெரிய ட்றம்மில் எனக்கு அப்படி ஓர் ஆசை. தெரிவு செய்த ரீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "உயரம் காணாது, பிள்ளை" என்றார். ட்றம் என் வகுப்பு நெட்டைச்சி ஒருத்திக்குப் போனது. எனக்குக் கிடைத்தது எங்கள் விளையாட்டு இல்லத்தின் பெயர்ப் பலகை. அதைத் தூக்கிக்கொண்டு, பின்னால் அவள் அடிக்கிற அடிக்குக் கால் வைத்து நடந்தேன். நெட்டைச்சி தாளம் தப்பினாள் என்பதை இந்த வேளையிலாவது பதிவு செய்து வைக்கிறேன்.

ஐம்பது வயதைத் தாண்டி, கடல் தாண்டி, யாருடைய உடுப்பையோ உடுத்துக் கைக்கு வந்த ட்றம். அதை மழை பறித்துக்கொண்டு போவதா?

"வெளியில் அடிக்க முடியாத ட்றம் எனக்கு வேண்டாம்," என்றேன் மோராக்கிடம்.

அவர் யோசித்தார். கோடை தொடங்கியதும் ஒரு சிறு நகரத்துப் பூங்காவில் பைப் பாண்டுகளின் போட்டி நடக்கும். பெரும்பாலும் மழை பெய்யும் என்று அதற்குப் பெயர்.

"அங்கே தொடக்கம் முதல் முடிவுவரை நீ மைதானத்தில் நின்றால் ட்றம் உன்னுடையது. இல்லாவிட்டால் இயனுக்கு."

நல்ல பேச்சு. எனக்குப் பிடித்தது.

கடையில் கிடைத்ததெல்லாம்

அன்று தொடங்கியது வேட்டை. ரொறன்ரோவில் மழைக்கு விற்காத உடுப்பு இல்லை. கில்ட்டுக்குத்தான் ஒன்றும் சரிவரவில்லை.

சாதாரண றெயின் கோட் தொடையின் பாதியில் நிற்கும். அதில் வழிகிற தண்ணீர் முழுவதும் ஒன்றுசேர்ந்து நேரே கில்ட்டின் மேல்தான் கொட்டும். கோட்டே போடாமல் நின்றால் அதைவிடக் குறைவாக நனையலாம். நீளமான கோட் என்றால், பின்பக்க மடிப்புகளின் பருமனுக்கும், முன்னால் தொங்குகிற தோல் பைக்கும் சேர்த்துப் பொத்தான் பூட்டாது. பூட்டினால் எட்டி அடி வைக்க முடியாது.

கில்ட்டுக்குக் கீழே மழைக் காற்சட்டை போடலாமா என்று மோராக்கிடம் கேட்டேன். "அப்படியென்றால் காற்சட்டையே போட்டுக்கொண்டு வா, கில்ட் எதற்கு?" என்றார். அது ஞாயம்.

பாண்டிடம் கனமான பெரிய மழைப் போர்வைகள் இருந்தன. தோளிலிருந்து மணி போல விரிந்து முழங்கால் தாண்டும், கையை வெளியே விட இரண்டு வெட்டு இருக்கும். பைப் ஊதுகிறவர்களுக்கு அது அருமை. பேஸ் ட்றம்காரிக்கு இரண்டு கையும் பக்கவாட்டில் இறக்கை மாதிரி வீச வேண்டும். வீசும்போதெல்லாம் போர்வை எழும்பும், தண்ணீர் வாய்க்கால் கட்டி உள்ளே இறங்கும். அதோடு அது நெட்டையர்களுக்குத் தைத்தது. என்னில் அது நிலத்தைக் கூட்டியது.

வசந்தத்தின் முதல் மழையில் ஒரு பயிற்சிக்குப் போய் மறுபடியும் ஊறிக்கொண்டு வந்தேன். கில்ட்டைக் குளியலறைக் கம்பியில் தொங்கவிட்டேன். வேலையால் வந்த சிவா வாசலிலேயே மூக்கைச் சுருக்கினார்.

"உது என்ன மணம்? கிடாய் ஒண்டைக் கொண்டுவந்து கட்டி வச்சிருக்கிறீரோ?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. கிடாய் என்றதற்காக அல்ல. எல்லாவற்றுக்கும் சேர்த்து.

சோபாவின் உறை

சிவாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு மணவறை அலங்காரத் தொழில். கல்யாணம், சாமத்தியச் சடங்கு, பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் தூண், பூ, திரை, பொன்னிற சோபா கொண்டுபோய் மேடை கட்டிக் கொடுப்பார். தொழில் முழுக்க எங்கள் சனத்தோடுதான். அதனால் சனம் என்ன சொல்லும் என்பது அவருக்கு வெறும் பயம் இல்லை, அரிசி பருப்பு.

நான் வியாழக்கிழமை பின்னேரங்களில் எங்கே போகிறேன் என்று கேட்பவர்களுக்கு அவர் "கொம்பியூட்டர் வகுப்பு" என்று சொல்லி வைத்திருந்தார். நான் ட்றம் அடித்ததை ஒரு நாளும் வந்து பார்த்ததில்லை. ஊர்வலத்தில் நான் கில்ட்டோடு நிற்கும் படத்தை, பாதி ரொறன்ரோவுக்குக் கல்யாணம் பேசி வைக்கும் பூமணி அன்ரி, எங்கிருந்தோ எடுத்து அவருடைய போனுக்கே அனுப்பியிருந்தார். கீழே ஒரு சொல் இல்லை. வெறும் கண் மட்டும் இருக்கிற அந்த இமோஜிப் பொம்மை.

அப்படிப்பட்ட மனிதர், நான் அழுததைப் பார்த்ததும் குளியலறைக்குள் போனார். சொட்டிக்கொண்டிருந்த கில்ட்டைப் பிடித்து, விளிம்பைப் புரட்டி, மடிப்புகளை விரித்துப் பார்த்தார். வெகு நேரம் பார்த்தார்.

"மேலேயிருந்து மூடப் பாக்கிறீர், அதுதான் பிழை," என்றார். "நாங்கள் மழைக்கை சோபா ஏத்திறது எப்பிடி? உறை சோபாவின்ர காலுக்கும் கீழ வரோணும். இல்லாட்டி வடியிற தண்ணி நேர துணிக்குத்தான் போகும். உமக்கு மேலுக்கு ஒரு கட்டை ஜாக்கெட் காணும். கீழுக்குத் தனியா ஓர் உறை."

"நான் என்ன சோபாவே?"

"சோபா என்னோட உப்பிடி வாய் காட்டாது."

கராஜில் அவருடைய தையல் மெஷின் இருக்கிறது, கனத்த திரைகள் தைக்கிற மெஷின். பொன்னிற சோபாவைத் தன் வான் வண்டியில் ஏற்றி இறக்கும்போது மூடுகிற கறுப்பு மழை உறையை எடுத்துத் தரையில் விரித்தார். கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் தயங்கினார். பிறகு வெட்டினார்.

வெட்டியது அவர். ஆனால் உடுப்பு என்று ஆக்கியது நான்தான், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். அவர் முதலில் தைத்தது பறையைச் சுற்றிய துணி போல நேராக இருந்தது. அடி வைக்க முடியவில்லை. "பின்னுக்குக் கொசுவம் வையுங்கோ, அது ஆடோணும்," என்றேன். கில்ட்டின் மடல் ஒரு பக்கம் மூடினால் உறை மறுபக்கம் மூட வேண்டும், அப்போதுதான் காற்று எந்தப் பக்கம் பிரித்தாலும் உள்ளே இன்னொரு கதவு இருக்கும். சேலைக்குள் பாவாடை கட்டுகிறவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. விளிம்பு கில்ட்டை விட நாலு விரல் கீழே. ஊசி மட்டும் கிடையாது. இடுப்பில், இழுத்தால் பிரிந்து அழுத்தினால் ஒட்டுகிற பட்டி.

மீண்டும் ட்றைவ்வேக்கு

தயாளன் குடும்பம் படியில் உட்கார்ந்து பார்த்த அந்தக் காலையில் நாங்கள் சோதித்தது இந்த உறையைத்தான். ஹோஸ் நின்றதும் கழற்றிப் பார்த்தோம். தையல் போன இடமெல்லாம் கோடு கோடாக ஈரம். மெஷின் ஊசி குத்திய ஒவ்வொரு துளையாலும் தண்ணீர் உள்ளே போயிருந்தது.

சிவா ஹோஸைக் கீழே போட்டார். "சரிவராது," என்று சொல்வார் என்று நினைத்தேன். அவருக்கு ரோஷம் வந்துவிட்டது.

"என்ர சாமானை மழை தோற்கடிக்கிறதோ?"

உள்ளே போனார். கூடாரங்களுக்கு உட்பக்கம் சூடு காட்டி ஒட்டுகிற ஒரு பட்டி இருக்கிறதாம். அதை எங்கோ தேடி வாங்கிவந்து, என் இஸ்திரிப்பெட்டியைப் பிடுங்கி, ஒவ்வொரு தையலுக்கும் உள்ளால் ஒட்டினார். அடுத்த விடுமுறை நாளில் மறுபடி கைகளை விரித்துக்கொண்டு நின்றேன். இம்முறை தயாளன் தன் ஹோஸையும் இழுத்துக்கொண்டு வந்து மறுபக்கத்திலிருந்து அடித்தார். அவர்தான் எங்களுடைய புயல்.

கழற்றினோம். சிவா கில்ட்டின் மடிப்புக்குள் கையை விட்டுப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"காஞ்சு கிடக்கு," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அதைச் சொன்ன விதத்தை நான் மறக்க மாட்டேன்.

பூங்காவில்

போட்டி அன்று விடியும்போதே மழை. மோராக்கின் பூங்கா ஏமாற்றவில்லை.

அன்று பின்னேரம் சிவாவுக்கு ஒரு கல்யாண மேடை. என்னை இறக்கிவிட்டு நேரே மண்டபத்துக்குப் போவதாக ஏற்பாடு. வானுக்குள் தூண்களும் பொன்னிற சோபாவும் உறை இல்லாமல் இருந்தன. புது உறை இன்னும் வந்து சேரவில்லை.

"சோபா நனைஞ்சா என்ன செய்வீங்கள்?"

"துடைக்கலாம். நீர் முதல்ல வானால இறங்கும்."

புல் எல்லாம் சேறாகிக் கிடந்தது. எங்களுக்கு முன் வாசித்த பாண்டின் பேஸ் ட்றம்காரர் ஆறடிக்கு மேல் உயரம். அவருடைய கோட்டிலிருந்து தண்ணீர் கூரைப் பீலியால் கொட்டுகிற மாதிரி கில்ட்டில் கொட்டிக்கொண்டிருந்தது. முழங்காலின் பின்புறம் சிவந்திருந்தது. எனக்கு அவருடைய வலி தெரியும். மனதார இரங்கினேன். கொஞ்சம் மனதாரச் சந்தோஷமும் பட்டேன்.

எங்கள் முறை. மோராக் என் உறையை மேலும் கீழும் பார்த்தார். அணிவகுத்து உள்ளே போய் வட்டமாக நின்றோம். நான் அடித்தேன்.

காற்று திரும்பி முகத்தில் அடித்தது. ட்றம் கோலின் கம்பளித் தலைகள் ஊறிக் கனத்தன. பைப்காரர்களின் விரல்கள் துளைகளில் வழுக்குவது கேட்டது. சின்ன ட்றம் ஒன்று அவசரப்பட்டு முன்னே ஓடப் பார்த்தது. மோராக்கின் கண் என் பக்கம் வந்தது. நான் ஓடவில்லை. காற்று உறையை ஒருதரம் தூக்கியது, கொசுவம் விரிந்து ஆடியது, திரும்பவும் தன் இடத்தில் வந்து விழுந்தது. உள்ளே என் முழங்காலைத் தொட்ட கம்பளி உலர்ந்து, இளஞ்சூடாக இருந்தது. அந்தச் சூடு எனக்கு ஒரு திமிரைத் தந்தது. இன்னும் பெய், என்று மழையைப் பார்த்து மனதுக்குள் சொன்னேன். மெதுவாகவே பெய், எனக்கு அவசரமில்லை. ஓடிய சின்ன ட்றம் என் அடிக்குத் திரும்பி வந்தது. ஒவ்வொரு பைப்பாக வந்து சேர்ந்தது. கடைசி அடியை எல்லாரும் ஒன்றாக வைத்தோம், ஒரே கதவைச் சாத்தின மாதிரி.

குடைகளுக்குக் கீழிருந்து கைதட்டல் வந்தது. அதற்கு மேலால் ஒரு சத்தம்:

"அப்பிடிப் போடும் சுகந்தி!"

குடையும் இல்லாமல், தலையிலிருந்து தண்ணீர் ஒழுக, வேலிக்கரையில் சிவா நின்றார். போகவில்லை.

முடிவு சொல்ல நேரமாகும் என்றார்கள். மோராக் எங்கள் இருவரையும் பார்த்து, "போங்கள், கல்யாணம் காத்திருக்காது" என்று அனுப்பிவிட்டார். உடுப்பு மாற்றக்கூட நேரமில்லை. நானூற்றொன்று நெடுஞ்சாலையில் பாதி வழியில் மோராக்கின் அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"எங்கள் பிரிவில் முதலிடம், சுகந்தி. ட்றம் உன்னுடையது. இயனே சொல்லிவிட்டான். இன்னொன்று, அந்த உறை எங்கள் எல்லோருக்கும் வேண்டும். யார் தைத்தது?"

எங்கள் பிரிவு எல்லாவற்றிலும் கடைசிப் பிரிவு. அதைச் சொல்லாமல் விட்டால் மனச்சாட்சி குத்தும். ஆனாலும் முதலிடம் முதலிடம்தான். நான் வானுக்குள் கத்திய கத்தில் சிவா இறங்க வேண்டிய எக்ஸிற்றை விட்டுவிட்டார்.

மண்டப வாசல்

மண்டபத்திலும் மழை. வாசலின் கூரைக்குள் வானைப் பின்பக்கமாகக் கொண்டுவந்தும் சாரல் அடித்தது. பொன்னிற சோபாவை இறக்க ஆட்கள் வந்துவிட்டார்கள். நான் கூரைக்குள் நின்று, இடுப்பில் இருந்த உறையை உரித்து உதறி, சோபாவின் மேல் போட்டேன். அது தன் பழைய வேலைக்குக் கொஞ்ச நேரம் திரும்பிப் போனது. கொசுவம் மட்டும் சோபாவுக்குப் பொருந்தவில்லை.

நிமிர்ந்து பார்த்தால், வாசலில் பட்டுச் சேலையும் பன்னீர்ச் செம்புமாகப் பூமணி அன்ரி. பெண் வீட்டாருக்கு நெருங்கியவராம். நான் கில்ட், முழங்கால்வரை இழுத்த மேசு, முன்னால் தோல் பை. ஒளிக்க இடமில்லை.

அன்ரி என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"என்ன பிள்ளை, கொம்பியூட்டர் வகுப்பு முடிஞ்சுதோ?"

நான் வாயைத் திறக்க முன்னமே சோபாவின் மறு முனையைத் தூக்கிக்கொண்டிருந்த சிவா பதில் சொன்னார், மண்டபத்துக்கே கேட்கிற மாதிரி.

"இல்லை அன்ரி. ட்றம் அடிச்சுப்போட்டு வாறா. பெரிய போட்டி. முதலாவதா வந்திட்டினம்!"

எத்தனை வியாழக்கிழமைகள் அந்த ஒரு வசனத்தில் கரைந்தன.

அன்ரி கிட்ட வந்தார். குனிந்து, என் கில்ட்டின் பின்மடிப்பைக் கையால் தடவிப் பார்த்தார், கடையில் சேலை பார்ப்பது போல.

"உந்த மழைக்கை நிண்டே அடிச்சனீ? துணி காஞ்செல்லோ கிடக்கு!"

"ஓம் அன்ரி. இவர்தான் உறை தைச்சவர்."

அன்ரி சிவாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு வழியை விட்டு ஒதுங்கி நின்று, மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெளிக்கிற மாதிரியே பன்னீர்ச் செம்பை என் பக்கம் வீசினார். அன்று முழுவதும் என் கில்ட்டில் பட்ட ஈரம் அது ஒன்றுதான்.